கடலிலிருந்து வீட்டுத் தொட்டிக்கு: தமிழ்நாட்டுக் கரையில் சட்டத்தை மீறாமல் கடலுயிர் பிடிக்க முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரம் பக்கம் தொடங்கித் தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. தொட்டியில் வைத்துப் பார்க்க ஆசைப்படும் மீன்கள் எங்கே அதிகமோ, அங்கேதான் ஒரு நத்தையைக்கூட எடுக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெளிநாட்டுக்காரர்கள் வலையும் வாளியுமாகக் கடலில் இறங்கி வண்ண மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பலர் கிளம்பிவிடுகிறார்கள். ஃபுளோரிடாவில் பொழுதுபோக்கு மீன்பிடி உரிமம் வாங்கியவர் ஒரு நாளைக்கு 20 அலங்கார உயிர்கள் வரை பிடிக்கலாம், ஒரே இனத்தில் ஐந்துக்கு மேல் கூடாது என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அப்படி ஓர் உரிமம் கிடையாது. தொடக் கூடாத இடம், தொடக் கூடாத உயிர் என இரண்டு பட்டியல்கள் உண்டு. இரண்டையும் கழித்து மிஞ்சுவதுதான் நமக்கு.

மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் மோசமில்லை. பாறைக்குழிச் சிறுமீன், துறவி நண்டு, சிறிய இறால், பாசி மேயும் நத்தை ஆகியவற்றை வைத்து அருமையான கரையோரத் தொட்டி அமைக்கலாம். பவளத் தொட்டிதான் கனவு என்றால் கடலுக்குப் போகவே வேண்டாம், இந்த வழிகாட்டியும் உங்களுக்கில்லை.

படி 1: முதலில் தொட்டி

பிடித்த பிறகு தொட்டி தேடுவது கொலைக்குச் சமம். 150 லிட்டருக்குக் குறையாத தொட்டி, ஓடும் வடிகட்டி, முடிந்தால் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், உப்பளவு பார்க்க ரெஃப்ராக்டோமீட்டர், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் சோதனைக் குப்பிகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். உப்பளவு ஆயிரத்துக்கு 35, வெப்பநிலை 26 முதல் 28 டிகிரி.

கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வடிகட்டியில் குடியேற, உரித்த இறால் துண்டு ஒன்றைப் போட்டு நான்கிலிருந்து ஆறு வாரம் வடிகட்டியை ஓட விடுங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், பின்னாலேயே நைட்ரைட்டும் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்தில் நிலைத்த பிறகுதான் கடற்கரைப் பயணம்.

அடியில் போடும் மணலிலும் பாறையிலும் ஒரு கண் வேண்டும். கடைகளில் வெள்ளையாகக் குவித்து விற்கும் துண்டுகள் பல நேரம் செத்த பவளம்தான். பவளம் செத்தாலும் சட்டத்தின் பார்வையில் பவளமே. செயற்கையாக வார்த்த பாறை வாங்குங்கள், இல்லையென்றால் சாதாரணக் கருங்கல் போதும்.

படி 2: தொடக் கூடாத இடங்கள்

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, கோடியக்கரை சரணாலயம், பழவேற்காடு பறவைகள் சரணாலயம் மூன்றையும் வரைபடத்தில் குறித்து வைத்து விலகுங்கள். பிச்சாவரம் அலையாத்திக் காடும் வனத்துறையின் கையில் இருப்பதே. தேசியப் பூங்காவுக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ வேட்டையாடினால் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டுமில்லை, உயிரோடு பிடிப்பதும் அதில் சேரும்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 2022-இல் அறிவிக்கப்பட்ட கடற்பசு பாதுகாப்பகம் இருக்கிறது. அந்தக் கரைக்குப் போகிறவர்கள் வனச்சரகரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். துறைமுக எல்லை, அணுமின் நிலையச் சுற்றுப்புறம், கடற்படை இடங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

எனக்குப் பிடித்தது குமரி மாவட்டத்துப் பாறைக் கரைகள். முட்டம், கடியபட்டணம் பக்கம் நீர் வற்றும்போது பாறை இடுக்குகளில் குழி குழியாகத் தண்ணீர் தங்கும். சென்னைக்காரர்களுக்கு மாமல்லபுரம், கோவளம் பக்கத்துப் பாறைகளும், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களும் உண்டு. எங்கே போனாலும் அந்த ஊர் மீனவர்களிடம் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்குவதே முறை. கடல் பொதுச்சொத்து என்று பேசலாம்தான், ஆனால் அந்தக் கரையில் வாழ்கிறவர்கள் அவர்கள்.

படி 3: தொடக் கூடாத உயிர்கள்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. பவளமும் கடல் அட்டையும் கடல் குதிரையும் அதன் முதல் பட்டியலில் சேர்ந்தது 2001-இல். 2022-இல் பட்டியல்களைத் திருத்தி அடுக்கினார்கள், புதிய அடுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு எழுதிய கட்டுரைகள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன, அவற்றை நம்பாதீர்கள்.

மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டியவை இவை. கல் போன்ற பவளம் எதுவானாலும் கூடாது. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், விசிறி போல விரியும் கடல் விசிறி எல்லாம் அதே கதை. கடல் குதிரையும் அதன் உறவான குழல் மீனும் கூடாது. கடல் அட்டை எந்த வகையும் கூடாது. ராட்சதச் சிப்பி, நாட்டிலஸ், டிரைட்டன் சங்கு கூடாது. சுறா, திருக்கை இனங்களில் பலவும் பட்டியலில் உள்ளன, ஆகவே குட்டித் திருக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கடல் ஆமை, கடல் பாம்பு பக்கமே போகாதீர்கள்.

கடல் அட்டை விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் வாங்கி அதைப் பிடிக்கலாம், இந்தப் பக்கம் பிடித்தால் சிறை. ஒரே கடல், ஒரே அட்டை. நியாயமா என்ற விவாதத்தை மீனவர் சங்கங்கள் இருபது வருடத்துக்கு மேலாக நடத்திக்கொண்டிருக்கின்றன. தொட்டி வைத்திருக்கும் நமக்கு அதில் வேலையில்லை, கால் அருகே கறுப்பாகச் சுருண்டு கிடந்தால் தாண்டிப் போக வேண்டியதுதான்.

அடுத்த சங்கதி இன்னும் முக்கியம். யாரோ பிடித்ததை நீங்கள் காசு கொடுத்து வாங்கினாலும், வைத்திருப்பதே குற்றம். சட்டத்தின் 57-ஆவது பிரிவின்படி உங்களிடம் அப்படி ஓர் உயிரோ அதன் பாகமோ இருந்தால், அதை முறைகேடாக வைத்திருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. முதல் பட்டியல் உயிரென்றால் தண்டனை மேலே சொன்ன அதே 3 முதல் 7 ஆண்டு, அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

பெயர் தெரியாத எதையும் எடுக்காதீர்கள். இனம் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் படம் எடுத்துக்கொண்டு உயிரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். சந்தேகம் வந்தால் மாவட்ட வன அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரத் தாமதமாகலாம், ஆனால் எழுத்தில் வந்த பதில் கையில் இருப்பது பெரிய பலம்.

படி 4: ஒட்டிக்கொண்டு வருபவை

நல்ல மனதோடு போகிறவர்களும் சிக்குவது இங்கேதான். துறவி நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது, கிடைத்த காலி ஓட்டில் குடியேறிவிடும். அந்த ஓடு பட்டியலில் உள்ள நத்தையுடையது என்றால், நண்டை எடுத்த நீங்கள் அந்த ஓட்டையும் எடுத்தவராகிறீர்கள். ஆகவே நண்டைப் பார்க்கும் முன் ஓட்டைப் பாருங்கள். மங்கலான, எங்கும் கிடைக்கும் சிறு நத்தை ஓட்டில் இருப்பதை மட்டும் எடுங்கள்.

கல்லும் அப்படித்தான். பாசி படிந்த கல்லைத் தொட்டியில் வைத்தால் அழகாக இருக்குமே என்று தூக்குவார்கள். அதன் அடியில் சட்டைப் பித்தான் அளவுக்குப் பவளக்குஞ்சு ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும். நத்தை முதுகிலும் சிலசமயம் அது இருக்கும். கல் எடுப்பதை அடியோடு விட்டுவிடுவதே நல்லது.

பாறை மேல் பச்சையும் பழுப்புமாகப் பாய் விரித்தாற்போல இருக்கும் ஸோவாந்தஸ் கூட்டங்களைப் பெயர்க்கவே கூடாது. இவற்றிலும் இவற்றின் உறவான பாலித்தோவாவிலும் சில இனங்களில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு. கையில் சிறு வெட்டு இருந்தாலே ஆபத்து. வீட்டில் கொதிநீர் ஊற்றிக் கல்லைக் கழுவி, அந்த ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

படி 5: எதைத் தேடிப் போகலாம்

தொடக்கத்துக்கு என் பரிந்துரை துறவி நண்டும் சிறு இறாலும்தான். நகத்தளவு துறவி நண்டு பத்து இருந்தால் மிச்சத் தீனியைத் தரையில் தங்கவிடாது. பாறைக்குழியில் கண்ணாடி போல் தெரியும் குட்டி இறால் வலுவான உயிர், பயணத்தையும் தாங்கும்.

மீனில் முதலிடம் உளுவைக்கும் பாறைக்குழியில் தத்திக்கொண்டு திரியும் பிளென்னிக்கும். விரலளவுதான் வளரும், ஒரு பொந்து கிடைத்தால் ஆயுளுக்கும் அதுவே வீடு. மஞ்சள் முதுகில் கறுப்புப் பட்டை போட்ட சார்ஜென்ட் மேஜர் குஞ்சுகள் எளிதில் கிடைக்கும், எதையும் தின்னும். ஆனால் வளர வளர ரௌடியாகிவிடும், தொட்டியில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். உடம்பில் வளைந்த கோடுகளோடு வரும் கீச்சான் குஞ்சும் அதே ரகம்தான். ஒரு அடி வளரும் என்பதை மறக்காதீர்கள். மடவைக்குஞ்சு மூடியில்லாத தொட்டியிலிருந்து துள்ளி வெளியே விழும்.

பட்டாம்பூச்சி மீனை விட்டுவிடுங்கள். சட்டச் சிக்கல் இல்லாத இடத்தில் கிடைத்தாலும், அதில் பல இனங்கள் பவளத்தின் மொட்டுகளைத் தின்றே வாழ்பவை. தொட்டியில் இறால் துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பட்டினியில் சாகும். கடல் தாமரை, நட்சத்திர மீன், ஓடில்லாத கடல் நத்தை, பஞ்சுயிர் எல்லாம் புதிய தொட்டியில் மெல்லச் செத்துத் தண்ணீரையும் கெடுக்கும். கணவாய்க்குட்டியும் ஆக்டோபஸும் குறைந்த ஆயுள் கொண்டவை, ஆக்டோபஸ் மூடியைத் தள்ளிக்கொண்டு தப்பியும் விடும்.

கோமாளி மீன் வேண்டும் என்பவர்களுக்கு நல்ல செய்தி. விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையங்களும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அதை அடைப்பில் இனப்பெருக்கம் செய்யும் முறையை வளர்த்தெடுத்துவிட்டன. பண்ணையில் பொரித்த குஞ்சு கடையில் கிடைக்கும்போது கடலில் பிடிப்பதில் பொருளில்லை. கடையில் வெளிநாட்டு உயிர் வாங்கியவர்களும் ஒன்று கவனிக்க வேண்டும். அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்போர் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

படி 6: நாளும் நேரமும்

கிழக்குக் கரைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை பொன்னான காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடல் கலங்கி, ஆற்று நீர் கலந்து உப்பும் குறைந்துவிடும். குமரியின் மேற்குப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இறங்கவே முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் நீர் அதிகம் வற்றும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான், அதனால் சரியான நாளைத் தவறவிட்டால் குழி எதுவும் வெளியே தெரியாது.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் ஓத நேரத்தையும் அலை எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. போகும் முன் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். காற்றும் மழையும் இல்லாத வெயில் நாளில் தொலைதூரப் புயலின் அலை வந்து அடிப்பதுதான் கள்ளக்கடல். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இப்படித்தான் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ரத்து செய்யுங்கள். தனியாகப் போகாதீர்கள், அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள், தடித்த அடியுள்ள ரப்பர் காலணி போடுங்கள்.

படி 7: பிடிப்பது

தேவையானவை மென்மையான துணியில் தைத்த கைவலை இரண்டு, மூடியுள்ள வெள்ளை வாளி, பேட்டரி ஏர் பம்ப். தூண்டில், விஷம், மயக்க மருந்து எதுவும் வேண்டாம். சயனைடு தெளித்துப் பிடிப்பது குற்றம் மட்டுமில்லை, அப்படிப் பிடித்த மீன் பிறகு தொட்டியில் ஈரல் கெட்டுச் சாகும்.

குழியோரம் நிழல் விழாமல் உட்காருங்கள். சும்மா ஐந்து நிமிடம் பாருங்கள். ஓடி ஒளிந்த பிளென்னி முதலில் கண்ணை நீட்டும், பிறகு தலையை, பிறகு முழுசாக வெளியே வந்து அதே பாறை முனையில் குந்தும். எந்தப் பொந்தில் புகுந்தது என்று கவனியுங்கள், துரத்தினால் மறுபடியும் அங்கேதான் போகும். பொந்து வாயில் ஒரு வலையை அசையாமல் வைத்து, இன்னொரு வலையால் எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்ல ஓட்டினால் தானாக வந்து விழும். வலையைத் தண்ணீருக்கு மேலே தூக்காமல், நீருக்குள்ளேயே ஒரு டப்பாவில் மாற்றுங்கள். கையால் பிடித்தால் மேல்பூச்சுக் கோழை உரிந்து, அந்த இடத்தில்தான் முதல் புண் வரும்.

புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். கல்லின் அடிப்பக்கத்து உயிர்கள் வெயிலில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

நெய்த துணி போலக் கோலமிட்ட கூம்பு நத்தையைத் தொடாதீர்கள். அதன் நஞ்சுமுள் ஓட்டின் எந்தப் பக்கத்துக்கும் நீளும், மாற்று மருந்து கிடையாது. கல்மீனோ சிங்கமீனோ குத்திவிட்டால் காயத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அரை மணி நேரமாவது வைத்தபடியே மருத்துவமனைக்குப் போங்கள்.

பாறையில் இறங்கப் பிடிக்காதவர்களுக்குக் கரைவலை இருக்கிறது. விடியற்காலையில் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிறு இழுக்க, கடைசியில் மீன் சேரும் வலைப்பையான மடி மணலேறும். சாளையும் காரலும் நெத்திலியும் துள்ளும் நடுவில், விலைபோகாத குட்டி மீன்களும் நண்டும் கிடக்கும். மணலில் புரண்டவை பிழைக்காது. அதனால் மடி முழங்கால் ஆழத்தில் இருக்கும்போதே, "அண்ணே, கரையேறுறதுக்கு முன்னாடி இந்த வாளியில கொஞ்சம் அள்ளிக்கட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். கேட்காமலே ஒரு தொகை கொடுங்கள். வாளியில் கடல் குதிரை விழுந்திருந்தால் அந்த நொடியே கடலில் விடுங்கள், அவர்கள் கொடுத்தார்கள் என்பது பிறகு உங்களைக் காப்பாற்றாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கரைவலைக்கு அது பொருந்தாது.

எத்தனை எடுப்பது? உங்கள் தொட்டி தாங்கும் என்று நினைப்பதில் பாதி.

படி 8: வீடு வரை

பயணம் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் தெர்மோகோல் பெட்டிக்குள் வாளியும் ஏர் பம்பும் போதும். அதற்கு மேல் என்றால் பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு கடல்நீர், மீதி ஆக்சிஜன். மீன் கடைக்காரர்களே நிரப்பித் தருவார்கள். பைக்கு ஒரு மீன். நண்டையும் மீனையும் ஒரே பையில் போட்டால் வீடு சேரும்போது நண்டு மட்டும் இருக்கும்.

வீடு வந்ததும் பையை மூடியபடியே பதினைந்து நிமிடம் தண்ணீரில் மிதக்க விடுங்கள். நீண்ட பயணத்துக்குப் பிறகு பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக நீர் கலப்பது தப்பு. மூடிய பையில் கரியமில வாயு தேங்கியிருப்பதால் அமிலத்தன்மை கூடி, சேர்ந்த அம்மோனியா அதிகம் கடிக்காமல் இருக்கும். பையைத் திறந்தால் வாயு வெளியேறி, அதே அம்மோனியா நஞ்சாக மாறும். அதனால் புதியவற்றை முதலில் விடும் தனித் தொட்டியின் (படி 9) உப்பளவைப் பையின் உப்பளவுக்கு முன்பே சமமாக்கி வைத்து, மீனை மட்டும் நேராக மாற்றுங்கள். பிறகு நாளுக்கு ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு என உப்பை ஏற்றி 35-க்குக் கொண்டு வரலாம்.

படி 9: தனித் தொட்டி

40 லிட்டர் வெறும் கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் வடிகட்டி, ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள். நான்கு வாரம் இங்கேதான். கடலில் பிடித்த மீன் எல்லாவற்றிலும் ஒட்டுண்ணி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடலில் அது பெரிய விஷயமில்லை, தொட்டியில் பெருகினால் எல்லாம் காலி.

உப்பைத் தூவினாற்போலப் புள்ளி தெரிந்தால் அது உப்புநீர் வெள்ளைப்புள்ளி நோய். ஒட்டுண்ணி மீனை விட்டு விழுந்து, தரையில் கூடுகட்டி, நீந்தி வந்து மீண்டும் ஒட்டும். காப்பர் மருந்து அந்த நீந்தும் பருவத்தைத்தான் கொல்லும், அதனால் புள்ளி மறைந்தவுடன் நிறுத்தக் கூடாது. குப்பியில் சொன்ன அளவை காப்பர் சோதனைக் குப்பி வைத்துப் பார்த்து, சொன்ன நாள்வரை நீடியுங்கள். நண்டு, இறால், நத்தை இருக்கும் தண்ணீரில் காப்பர் ஒரு துளியும் படக் கூடாது, அத்தனையும் செத்துவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டால் பதற வேண்டாம். உயிருள்ள ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிர்), கொசுப்புழு போட்டுப் பாருங்கள். அசைவதைக் கண்டால் வாய் திறக்கும். பிறகு பொடியாக நறுக்கிய இறாலுக்குப் பழக்கலாம்.

படி 10: பதிவும், வளர்ந்த பிறகும்

ஒரு நோட்டில் தேதி, கரையின் பெயர், என்ன எடுத்தோம், எத்தனை என்று எழுதுங்கள். பிடித்த இடத்திலேயே எடுத்த படம் இருக்கட்டும், மொபைலில் இடக்குறிப்பு தானாகப் பதியும். யாராவது கேள்வி கேட்டால் காட்ட இதுதான் இருக்கும். பிடித்ததை விற்காதீர்கள். விற்றால் பொழுதுபோக்கு வியாபாரமாகி, வேறு சட்டங்களின் எல்லைக்குள் போய்விடும்.

கீச்சான் ஒரு அடி வளர்ந்த பிறகு கடலிலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. கடைமீனோடு சில மாதம் கிடந்த மீன், அந்தக் கரை காணாத நோயைச் சுமந்துகொண்டு போகும். நம் இந்தியப் பெருங்கடலையும் பசிபிக்கையும் சேர்ந்த சிங்கமீன் இன்று அமெரிக்கக் கிழக்குக் கரையிலும் கரீபியன் முழுதும் பெருகி, அங்குள்ள குஞ்சு மீன்களை அழித்துக்கொண்டிருக்கிறது. யாரோ தொட்டியிலிருந்து விட்டதுதான் தொடக்கம் என்று நம்பப்படுகிறது. பெரிதாக வளரும் மீனை எடுக்கும் முன்பே, அதை வாங்கிக்கொள்ளப் பெரிய தொட்டிக்காரர் ஒருவரைப் பேசி வையுங்கள். அப்படி ஆள் கிடைக்கவில்லை என்றால் கீச்சானை விட்டுவிட்டு உளுவையை எடுங்கள்.